பழைய அயர்லாந்துப் பத்திரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்து எஸ்டேட்களின் (நிலப்பிரபுக்களின் பெரும் நிலச்சொத்துகளின்) பழைய பத்திரங்களையும் குத்தகைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: டப்ளின் பத்திரப் பதிவகத்திலிருந்து 1764ஆம் ஆண்டுக் குத்தகை ஒன்றின் நகல் கிடைத்தது. நிலம், பெயர்கள், சாட்சிகள் எல்லாம் இருக்கின்றன. குத்தகைத் தொகையை மட்டும் காணோம். ஒரு பக்கம் விட்டுப்போயிருக்குமா?

ப: எதுவும் விட்டுப்போகவில்லை. உங்கள் கையில் இருப்பது பத்திரத்தின் நகல் அல்ல, 'மெமோரியல்' என்ற பதிவுச் சுருக்கத்தின் நகல். 1707ஆம் ஆண்டுச் சட்டப்படி 1708இல் பதிவகம் தொடங்கியபோது, மூலப் பத்திரத்தை அங்கே வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. பத்திரத்தோடு ஒரு சுருக்கமும் எழுதி எடுத்துப் போக வேண்டும். பத்திரத்தின் தேதி, தரப்பாரின் பெயர், ஊர், தொழில் அல்லது அந்தஸ்து, சாட்சிகள், நிலம் இருக்கும் கவுண்டி (மாவட்டம்), பேரனி (கவுண்டியின் உட்பிரிவு), பாரிஷ் (திருச்சபை வட்டாரம்) ஆகியவை அதில் இருந்தால் போதும். என்ன விலை, என்ன குத்தகை என்று சட்டம் கேட்கவில்லை. பதிவகத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம் என்பதால், தொகை வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தவர்கள் அதை எழுதாமல் விட்டார்கள்.

சுருக்கத்தில் தரப்பாரில் ஒருவர் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவராவது மூலப் பத்திரத்துக்கும் சாட்சியாக இருந்திருக்க வேண்டும். அவர் சத்தியப் பிரமாணம் செய்த பிறகு எழுத்தர்கள் சுருக்கத்தைப் பெரிய பதிவேடுகளில் பெயர்த்து எழுதுவார்கள். உங்களுக்குக் கிடைத்த நகல் பெரும்பாலும் இந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். அதில் உள்ள 'கையெழுத்து' எழுத்தருடையது. முன்னோரின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமானால் சுருக்கத்தின் மூலத்தைக் கேளுங்கள், அதுவும் பதிவகத்தில்தான் இருக்கிறது.

மூலப் பத்திரத்தின் முதுகில் பதிவு நாள், தொகுதி, பக்கம், எண் ஆகியவற்றைக் குறித்துத் தரப்பாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குத்தகைப் பத்திரம் இரண்டு படிகளாக இருக்கும். குத்தகைதாரரின் படி பெரும்பாலும் தொலைந்துபோகும், அவர் கையெழுத்திட்டு நிலப்பிரபுவிடம் கொடுத்த எதிர்ப்படி எஸ்டேட் அலுவலகத்தில் தங்கும். தொகை அதில் இருக்கும். லிஸ்மோர் (டெவன்ஷயர் பிரபுக்கள்), ஆர்மண்ட் போன்ற பெரிய எஸ்டேட்களின் தாள்கள் டப்ளின் கில்டேர் வீதியிலுள்ள தேசிய நூலகத்தில் உள்ளன. டவுன்ஷயர், அபர்கார்ன் எஸ்டேட்களுடையவை பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கே: குடும்பத்தார் நிலம் வைத்திருந்தது உறுதி. பதிவகத்தில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. எப்படித் தேடுவது?

ப: அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பெயர் அட்டவணை. நிலத்தைக் கொடுத்தவரின் பெயர் மட்டுமே அதில் வரும், வாங்கியவர் பெயரில் அட்டவணை கிடையாது. உங்கள் முன்னோர் குத்தகைக்கு எடுத்தவர் என்றால் அவர் பெயரைத் தேடிப் பயனில்லை. நிலப்பிரபுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். 1833க்கு முன் இந்த அட்டவணையில் கொடுத்தவரின் பெயர், எதிர்த்தரப்பாரின் குடும்பப் பெயர், மூன்று எண்கள் ஆகியவைதான் இருக்கும். எந்தக் கவுண்டி என்ற குறிப்புகூடக் கிடையாது. கொடுத்தவர் பெயர் ஜான் ஸ்மித் என்றிருந்தால் முழி பிதுங்கிவிடும். 1833 முதல் நிலம் இருக்கும் இடமும் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்று நில அட்டவணை. சாதாரணக் குத்தகைதாரர்களைத் தேடுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. கவுண்டி வாரியாகவும் அதற்குள் ஊரின் முதல் எழுத்து வாரியாகவும் அமைந்திருக்கும். ஆனால் முதல் எழுத்தோடு அகர வரிசை நின்றுவிடும். 'பாலி' என்று தொடங்கும் ஊர்கள் அயர்லாந்தில் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதால் 'பி' பகுதி முழுவதையும் வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கும். மூன்று எண்களில் முதலாவது தொகுதி, அடுத்தது பக்கம், கடைசியாக மெமோரியல் எண். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எண் தப்பாகப் பெயர்க்கப்பட்டிருந்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்துக்கூட்டலும் காலை வாரும். இன்றைய டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயர்கள் 1824இல் தொடங்கிய நில அளவைப் பணியில் ஒழுங்குபடுத்தப்பட்டவை. அதற்கு முன் ஒரே ஊரை நாலு விதமாக எழுதுவார்கள், 'இன்ன பெயர் அல்லது இன்ன பெயர்' என்று அடுக்குவதும் உண்டு. இப்போது வரைபடத்திலேயே இல்லாத உட்பகுதிப் பெயர்களும் வரும். 1851 கணக்கெடுப்பை ஒட்டி அச்சான டவுன்லேண்ட் அகராதியில் பேரனி, பாரிஷ் இரண்டையும் பார்த்து வைத்துக்கொண்டு தேடினால் பாதி வேலை மிச்சம். அட்டவணைகளும் பதிவேடுகளும் ஃபேமிலிசர்ச் என்ற வம்ச வரலாற்று இணையதளத்தில் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. நேரில் போவதானால் டப்ளின் ஹென்றியெட்டா வீதி.

தேடும்போது ஆண்டையும் கவனியுங்கள். அட்டவணை, பதிவான நாளைப் பின்பற்றுகிறது, பத்திரம் எழுதிய நாளை அல்ல. எழுதி இருபது, முப்பது ஆண்டு பெட்டியில் கிடந்த குத்தகை, கடன் வாங்கவோ வழக்குக்கோ தேவைப்பட்டபோதுதான் பதிவாகும். பதிவு கட்டாயமும் இல்லை. பதிவான பத்திரத்துக்குப் பதிவாகாததைவிட முன்னுரிமை உண்டு என்பதுதான் அதன் பலன். குத்தகைதாரர் நிலத்தில் இருந்து அனுபவிக்கும் 21 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தப் பாதுகாப்பே தேவையில்லை. எழுத்தே இல்லாமல் வருடா வருடம் பயிரிட்டவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களுக்கு எஸ்டேட்டின் வசூல் கணக்குகளை விட்டால் வேறு வழியில்லை.

கே: 1738இல் 600 ஏக்கரை 5 ஷில்லிங்குக்கு ஒரு வருடம் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் கேட்டால் ஒரு மிளகு தர வேண்டுமாம்! இவ்வளவு மலிவா?

ப: அது குத்தகையே அல்ல, கிரயத்தின் முதல் பாதி. நிரந்தர உரிமையை மாற்ற வேண்டுமென்றால் பழைய வழக்கப்படி நிலத்துக்கே போய் ஒரு கட்டி மண்ணைக் கையில் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அதைத் தவிர்க்க வழக்கறிஞர்கள் கண்ட வழி இது. 1634ஆம் ஆண்டு ஐரிஷ் சட்டப்படி, பெயரளவு பணம் வாங்கிக்கொண்டு ஓராண்டுக் குத்தகை எழுதினாலே அனுபோகம் கைமாறிவிடும். மறுநாள் தேதியிட்ட இரண்டாவது பத்திரத்தில் சொந்தக்காரர் மீதி உரிமையையும் விட்டுக்கொடுப்பார். உண்மையான விலையும் நிபந்தனைகளும் அந்த இரண்டாவதில் இருக்கும். 1845இல் சட்டம் மாறும்வரை இப்படி ஜோடிப் பத்திரங்களாகவே எழுதினார்கள். எனவே அடுத்த நாள் தேதியில் அதே பெயர்களைத் தேடுங்கள்.

ஏமாற்றும் பத்திரங்கள் இன்னும் உண்டு. இரண்டு கனவான்களுக்கு 500 ஆண்டு, குத்தகை ஒரு மிளகு என்றிருந்தால் அது பெரும்பாலும் திருமண செட்டில்மென்டின் (திருமணத்தையொட்டி எழுதும் குடும்பச் சொத்து ஏற்பாட்டின்) ஒரு பகுதி. மகள்களுக்கும் இளைய மகன்களுக்கும் சேர வேண்டிய பணத்துக்கு டிரஸ்டிகளிடம் வைத்த ஈடு அது. முழுக் கிரயம் போல் தொடங்கி, 'இன்ன தேதிக்குள் அசலும் வட்டியும் கட்டினால் செல்லாது' என்ற ஷரத்தோடு முடிந்தால் அடமானம். அந்த ஒரு வரிக்காகவாவது கடைசிவரை படியுங்கள். கடன் பத்திரத்தில் 1,000 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் வாங்கிய கடன் வழக்கமாக 500தான், இரட்டிப்புத் தொகை தவணை தவறினால் விதிக்கும் தண்டம்.

கே: "மூன்று ஆயுள்கள், என்றென்றும் புதுப்பிக்கத்தக்கது" என்று ஒரு குத்தகை. அந்த மூன்று பேரில் ஒருவர் அரசர் மகன்! எங்கள் ஆட்களுக்கு அரச குடும்பத்தோடு தொடர்பு இருந்ததா?

ப: இல்லை. ஆயுள் குத்தகையில் மூன்று பேரைக் குறிப்பிடுவார்கள், கடைசி ஆள் சாகும்வரை குத்தகை ஓடும். அவர்களுக்கு நிலத்தோடு சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. நீண்ட நாள் வாழக்கூடியவராக இருக்க வேண்டும், அவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பது சச்சரவில்லாமல் தெரிய வேண்டும், அவ்வளவே. அதனால் குத்தகைதாரரின் சிறு பிள்ளைகளைப் போடுவார்கள், அல்லது ஊரறிந்த இளவரசரைப் போடுவார்கள். ஒருவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேதியே இல்லாமல் போனால் உயிரோடிருப்பதை நிரூபிப்பது பெரும்பாடு.

வம்ச வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்த வகைப் பத்திரம்தான் புதையல். 'இரண்டாவது மகன், வயது 7' என்று உறவும் வயதும் அப்படியே எழுதியிருக்கும். ஞானஸ்நானப் பதிவேடே இல்லாத பாரிஷ்களில் ஒருவர் எப்போது பிறந்தார் என்பதற்கு வேறு சான்று அபூர்வம். முதல் குத்தகையோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த புதுப்பிப்புகளையும் தேடிப் பிடியுங்கள். இன்னார் இறந்துவிட்டார், அவர் இடத்தில் இன்னாரைச் சேர்க்கிறோம் என்று ஒவ்வொன்றிலும் முன்கதை வரும். அதை வைத்தே மூன்று தலைமுறையைக் கட்டிவிடலாம்.

'என்றென்றும் புதுப்பிக்கத்தக்கது' என்ற வகை அயர்லாந்தில்தான் அதிகம் புழங்கியது. ஒருவர் இறந்ததும் ஒரு தொகை, பல இடங்களில் அரை ஆண்டுக் குத்தகை அளவு, கட்டிப் புதுப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கட்டிவந்தால் நிலம் ஏறக்குறைய சொந்தம்தான். பலர் கட்ட மறந்தார்கள், மூன்று பேரும் இறந்தபின் நிலப்பிரபு 'குத்தகை முடிந்தது' என்பார். வழக்குகள் பெருகியதால் 1779இல் ஒரு சட்டம் வந்தது. வெறும் கவனக்குறைவுதான், மோசடி இல்லை, நிலப்பிரபு கேட்டும் மறுக்கவில்லை என்றால், பாக்கியை வட்டியோடு கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். 1849ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை நிரந்தர உரிமையாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. புதுப்பிப்புத் தொகைக்கு ஈடாக வருடக் கட்டணம் சற்று ஏறும். 1850களில் அதே நிலத்துக்கு, அதே குடும்பத்துக்கு, முழுத் தொகையாக இல்லாமல் சில்லறையும் சேர்ந்த குத்தகைத் தொகையோடு புதுப் பத்திரம் தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கே: கத்தோலிக்கக் குடும்பங்களின் குத்தகைகள் ஏன் 31 ஆண்டாகவே இருக்கின்றன?

ப: 1704ஆம் ஆண்டுச் சட்டம். கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கக் கூடாது, குத்தகைத் தொகையும் நிலத்தின் முழு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. மீறியதைக் கண்டுபிடித்து வழக்குப் போடும் புராட்டஸ்டண்ட் அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள 1709ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. இதனால் நண்பரை விட்டே வழக்குப் போட வைத்து, நிலத்தை அவர் பெயரில் பாதுகாப்பாக வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. கண்டுபிடிப்பு வழக்கைப் பார்த்ததும் பகை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1772இல் சதுப்பு நிலத்துக்கு மட்டும் 61 ஆண்டு அனுமதித்தார்கள். 1778இல் 999 ஆண்டு அல்லது ஐந்து ஆயுள்வரை குத்தகை எடுக்கலாம் என்றும், 1782இல் வாங்கவே செய்யலாம் என்றும் ஆயிற்று.

1778க்கு முந்தைய ஆயுள் குத்தகை என்றால் குத்தகைதாரர் பெயரளவிலாவது புராட்டஸ்டண்ட். அதற்காக 31 ஆண்டுக் குத்தகையெல்லாம் கத்தோலிக்கருடையது என்று திருப்பிச் சொல்ல முடியாது, புராட்டஸ்டண்டுகளும் 31 ஆண்டு எடுத்தார்கள். 1793க்குப் பிறகு ஒற்றை ஆயுள் குத்தகைகள் திடீரென்று பெருகுவதற்குக் காரணம் வேறு. ஆயுள் குத்தகை இருந்து, அதில் வருடத்துக்கு 40 ஷில்லிங் மிச்சம் கிடைத்தால் ஓட்டு உண்டு. அந்த ஆண்டு கத்தோலிக்கருக்கும் அந்த உரிமை கிடைத்தது. நிலப்பிரபுக்கள் குத்தகை கொடுத்து ஓட்டுச் சேர்த்தார்கள். 1829இல் வரம்பை 10 பவுண்டாக உயர்த்தியதும் அந்த ஆர்வம் அடங்கிவிட்டது.

கே: 1790இல் 40 ஏக்கர், வருடத்துக்கு 65 பவுண்டு. 1850களின் கிரிஃபித் மதிப்பீட்டில் (வரிக்காக நிலங்களை அளந்து மதிப்பிட்ட அரசுப் பட்டியலில்) அதே பண்ணை ஏறக்குறைய 65 ஏக்கர். இடையில் நிலம் சேர்த்தார்களா?

ப: ஒரு அங்குலம்கூடச் சேர்க்காமல் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தில் இருப்பது ஐரிஷ் ஏக்கர். பெர்ச் என்ற நீள அளவு அங்கே 7 கஜம், ஆங்கிலச் சட்ட அளவில் ஐந்தரை. அதனால் ஐரிஷ் ஏக்கர் 7,840 சதுர கஜம், சட்ட ஏக்கர் 4,840. ஐரிஷ் ஏக்கரை 196ஆல் பெருக்கி 121ஆல் வகுத்தால் உங்கள் 40 ஏக்கர் 64 ஏக்கர் 3 ரூட் 7 பெர்ச் ஆகிறது (ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 சதுர பெர்ச்). கிரிஃபித் சட்ட ஏக்கரில் கணக்கிட்டார். வட பகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக்காரர் குடியேறிய இடங்களில் மூன்றாவதாகக் கன்னிங்ஹாம் ஏக்கரும் உண்டு, 6,250 சதுர கஜம். அந்த அளவில் 40 ஏக்கர் என்பது 51 ஏக்கர் 2 ரூட் 24 பெர்ச். எந்த அளவு என்று பத்திரம் சொல்லவில்லை என்றால், பிற்கால வரைபடத்தில் அதே எல்லைக்குள் வரும் பரப்போடு மூன்றையும் ஒட்டிப் பார்க்க வேண்டியதுதான். மலையையும் சதுப்பையும் கணக்கில் சேர்க்காமல் விளைநிலத்தை மட்டும் ஏக்கராக எழுதிய பத்திரங்களில் இந்தக் கணக்கும் உதவாது.

பணத்திலும் இதே சிக்கல் உண்டு. 1826 வரை 13 ஐரிஷ் பவுண்டுக்கு 12 பிரிட்டிஷ் பவுண்டு. உங்கள் 65 பவுண்டு ஐரிஷ் பணம் என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 60. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கில் சட்ட ஏக்கருக்கு 18 ஷில்லிங் 6 பென்ஸ். நேரே வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 1 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் என்று வந்திருக்கும், அதை 1850ஆம் ஆண்டு மதிப்போடு ஒப்பிட்டால் குத்தகை பாதியாகக் குறைந்த மாதிரி ஒரு மாயத் தோற்றம்.

கே: பத்திரத் தேதி 10 பிப்ரவரி 1731. பதிவானது ஜூன் 1732. ஏன் 16 மாதத் தாமதம்?

ப: நான்கு மாதம்தான். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு ஓராண்டு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஜார்ஜ் ஆட்சிக்கு வந்தது 1727 ஜூன் 11, ஆகவே பத்திரத்தில் 'ஐந்தாம் ஆட்சியாண்டு' என்றிருந்தால் அது நம் கணக்கில் 1732 பிப்ரவரிதான்.

கே: குத்தகையோடு கோழி, ஆள்வேலை, மாவு மில் என்றெல்லாம் ஷரத்துகள் வருகின்றனவே, இதெல்லாம் உண்மையில் வசூலானதா?

ப: வசூலானதா என்பதைப் பத்திரம் சொல்லாது, வசூல் கணக்கேடு சொல்லும். 'இரண்டு கொழுத்த கோழி அல்லது இத்தனை ஷில்லிங்' என்று மாற்றுத் தொகையும் எழுதியிருந்தால் நாளடைவில் பணமாகவே வாங்கியிருப்பார்கள். அறுவடைக்கு ஆளும் குதிரையும் இத்தனை நாள், தானியத்தை எஸ்டேட் மில்லிலேயே அரைக்க வேண்டும், மேய்ச்சல் நிலத்தை உழுதால் ஏக்கருக்கு இவ்வளவு தண்டக் குத்தகை என்பவை வழக்கறிஞர் வைத்திருக்கும் மாதிரியிலிருந்து அப்படியே பெயர்த்தவை. ஒரே எஸ்டேட்டில் நாற்பது பத்திரங்களில் வார்த்தைக்கு வார்த்தை வந்தால் அதை வைத்து ஒரு குடும்பத்தின் நிலைமையைக் கணிக்காதீர்கள். மற்றப் பத்திரங்களிலிருந்து மாறுபடும் ஷரத்துதான் பேசும். கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வீடு கட்ட வேண்டும் என்றோ, உள்குத்தகை விடலாம் என்றோ தனியாக எழுதியிருந்தால் அங்கே பேரம் நடந்திருக்கிறது.

மரம், கனிமம், கல்குவாரி, வேட்டை உரிமை ஆகியவை ஏறக்குறைய எப்போதும் நிலப்பிரபுவுக்கே. எரிபொருளுக்கு வெட்டும் கரி மண்ணை யார், எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தவறாமல் பாருங்கள், பிற்காலச் சண்டைகளில் பல அங்கேதான் பிறந்தன. குத்தகை நாட்கள் பொதுவாக மே 1, நவம்பர் 1, அல்லது மார்ச் 25, செப்டம்பர் 29. நாள் கடந்தால் ஜப்தி, ஜப்திக்கும் பொருள் இல்லையென்றால் நிலத்தை மீட்பது என்ற வரிசையில் ஷரத்து வரும். ஆனாலும் பல எஸ்டேட்களில் அரை ஆண்டு பாக்கியை நிரந்தரமாகவே தொங்கவிட்டு வைத்திருந்தார்கள். கணக்கேட்டில் எல்லார் பெயருக்கும் எதிரே பாக்கி இருக்கிறதே என்று பதறாதீர்கள்.

கே: 1922 தீயில் எல்லாம் போய்விட்டதாமே?

ப: 1922 ஜூன் 30இல் எரிந்தது டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம். உயில்களும் நீதிமன்ற ஆவணங்களும் பெருமளவில் அங்கே போயின. பத்திரப் பதிவகம் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பியது. உயில்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன என்பதால், எரிந்துபோன உயிலின் சாரம் மெமோரியலாகக் கிடைக்க வாய்ப்புண்டு.

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு கடனில் மூழ்கிய எஸ்டேட்களை விற்க 1849இல் தனி நீதிமன்றம் வந்தது, 1858இல் லேண்டட் எஸ்டேட்ஸ் கோர்ட் அதன் இடத்தைப் பிடித்தது. ஏலத்துக்காக அச்சடித்த விவரப் புத்தகங்களில் வரைபடம், ஒவ்வொரு குத்தகைதாரரின் பெயர், பரப்பு, தொகை, குத்தகையின் தன்மை எல்லாம் உண்டு. ஆயுள் குத்தகை என்றால் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்ற குறிப்பும் இருக்கும். 1780இல் ஏழு வயதுப் பையனாகப் பத்திரத்தில் ஏறியவரைப் பற்றிய கடைசித் தகவல் அந்த ஏலப் புத்தகத்தில் இருந்தாலும் இருக்கும். தேசிய நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள்.

கே: ஏலத்தில் வாங்கிய தோல் பத்திரம் மடிப்பு மடிப்பாக விறைத்துக் கிடக்கிறது. இஸ்திரி போடலாமா?

ப: கூடவே கூடாது. சூடு பட்டால் தோல் சுருங்கிக் கண்ணாடி போலாகிவிடும், திரும்பச் சரியாகாது. ஈரத்துணி, ஆவி, செலோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம். மடிப்பைத் தானாகப் போகும் அளவுக்கு மட்டும் விரித்து, ஓரங்களில் துணி சுற்றிய எடைகளை வையுங்கள். மெழுகு முத்திரையின்மேல் எடை படக் கூடாது. விரியாத பகுதியைப் பழுதுபார்ப்பு நிபுணரிடம் விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழச் செய்து படமெடுத்தால் மங்கிய எழுத்து தெரியவும் வாய்ப்புண்டு. மேல் விளிம்பு அலை அலையாக வெட்டியிருந்தால் அது சேதமல்ல, இரண்டு படிகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டுமென்றே வெட்டியது. அதை நேராக்கிவிடாதீர்கள்.

முதுகுப் பக்கத்தையும் மறக்காமல் படமெடுங்கள். பதிவு எண், பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, எஸ்டேட் குமாஸ்தா பென்சிலில் குறித்த பண்ணை எண், எல்லாம் அங்கேதான் இருக்கும்.